பிளஸ் டூவில் விட்ட உயிரியலை எம்.இ. படிக்கும்போது தொடலாமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தை அடுத்த கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 23 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அதன் சாரம் இது.

அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா கடற்பாசி எடுப்பவர். இவர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தார். பத்தாம் வகுப்புக்குப் பிறகு கணிதம், கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்ததோடு உயிரியலுக்கும் இவருக்கும் உறவு முடிந்தது. பி.இ. முடித்து, இப்போது சென்னையில் எம்.இ. கணினி அறிவியலில் முதலாண்டை நிறைவு செய்கிறார். அடுத்த பருவத்தில் வேறு துறையிலிருந்து இரண்டு விருப்பப் பாடங்களை எடுத்தாக வேண்டும். பட்டியலில் இவர் கண்ணில் பட்டவை ஐந்து: உயிரித் தகவலியல் அறிமுகம், மூலக்கூறு மற்றும் செல் உயிரியல், மரபியலும் பரிணாமமும், உயிர்ப்புள்ளியியல், ஒரு வாரக் களப்பயிற்சியுடன் கூடிய கடல் சூழலியல். பதிவு செய்ய இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன.

உயிரித் தகவலியலை எடுத்தால் மதிப்பெண் எளிதாக வரும் என்கிறார் வழிகாட்டிப் பேராசிரியர். உயிரியல் பக்கம் போனால் கேம்பஸ் இன்டர்வியூவில் கேள்வி வரும் என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். ஆனால், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் படங்களிலிருந்து கணினியால் இனம்காணும் ஆய்வைச் செய்ய வேண்டும் என்பது இவருடைய ஆசை. வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டாராம்: "கடலைப் படிக்கவா உன்னைக் கரையேற்றினேன்?" அதற்கு மேல் இவரால் பேச முடியவில்லை. கல்விக்கடன் இருக்கிறது, கல்லூரியில் சேரப்போகும் தம்பி இருக்கிறான். "பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்காத நான் இப்போது அதைத் தொடுவது முட்டாள்தனமா? தொடலாம் என்றால் எதைத் தொடுவது?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகி,

கணினியும் உயிரியலும் சந்திக்கும் துறையில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் மாணவர்கள் என் வகுப்புக்கு வருகிறார்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் பயத்தை அவர்கள் பலரிடமும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களிடம் இருப்பது அவர்களில் பலரிடம் இல்லை: என்ன கேள்விக்கு விடை தேட வேண்டும் என்பது உங்களுக்குப் பாடப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

அந்தக் கதவு மூடப்படவில்லை

பிளஸ் டூவில் எடுத்த பிரிவு ஆயுளுக்கும் தொடரும் என்று நம் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்க்கிறோம். ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியல்காரர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்தபடிதான் 1954-இல் கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழை அமைப்பை முன்வைத்தார். 1963-இல் அவரும் சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் எழுப்பிய கேள்வியைப் பாருங்கள்: ஒரு புரதச் சங்கிலியை எந்தெந்தக் கோணங்களில் திருப்பினால் அதன் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும்? இது கணக்கு. அந்தக் கணக்கிலிருந்து வந்த வரைபடத்தை வைத்துத்தான் உலகம் முழுவதும் இன்றைக்கும் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள். புரத வடிவங்களைக் கணினியால் கணித்ததற்காக 2024-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டெமிஸ் ஹசாபிஸ் இளநிலையில் படித்தது கணினி அறிவியல். அதன் பிறகு மூளை அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

பெரிய பெயர்கள் வேண்டாம், எனக்கு வழி என்ன என்று நீங்கள் கேட்கலாம். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் கணக்கீட்டு உயிரியலில் முனைவர் ஆய்வு நடக்கிறது. உயிரியல் பட்டம் இல்லாதவர்களும் அங்கே ஆய்வு செய்கிறார்கள். மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வில் எந்தத் தாளை எழுதுவது என்பதை உங்கள் பட்டத்தின் பெயர் தீர்மானிப்பதில்லை. நீங்கள் விரும்பினால் உயிர் அறிவியல் தாளையே எழுதலாம். அதில் வேதியியல் கட்டாயம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எந்தப் பட்டத்தை ஏற்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக முடிவு செய்கிறது. எனவே அறிவிப்பில் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படிக்காமல் "எனக்கு இடம் கிடையாது" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

"உயிரியல் என்றால் மனப்பாடம், எனக்கு அது வராது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பில் நமக்குக் கிடைத்தது உயிரியலின் பெயர்ப் பட்டியல். கட்டளைச் சொற்களின் பட்டியலை மட்டும் ஒரு வருடம் ஒப்பிக்கவைத்திருந்தால் கணினியையும் நீங்கள் இப்படித்தான் வெறுத்திருப்பீர்கள். டி.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள், மூன்று மூன்றாகப் படித்தால் 64 சொற்கள், அவை குறிக்கும், புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள் 20. மீதிச் சொற்கள் எங்கே போயின, ஏன் ஒரே பொருளுக்குப் பல சொற்கள், ஓர் எழுத்து தவறினால் எந்தத் தவறு உயிரைக் கொல்லும், எது ஒன்றுமே செய்யாது? இந்தக் கேள்விகளில் ஒரு நிரலாளருக்கு ஆர்வம் வராமல் போகாது.

ஐந்தில் எந்த இரண்டு?

உங்கள் பேராசிரியர் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார். ஆனாலும் இதில் அவரிடமிருந்து மாறுபடுகிறேன். உயிரித் தகவலியல் அறிமுகத்தை எடுக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பாடத்திட்டத்தைப் பார்த்தேன். முதல் ஐந்து வாரங்கள் வரிசைகளை ஒப்பிடும் முறைகள். நீடில்மன்–வுன்ஷ் 1970, ஸ்மித்–வாட்டர்மேன் 1981, இரண்டும் நீங்கள் பி.இ.யில் படித்த டைனமிக் புரோகிராமிங்தான். அடுத்து டி.என்.ஏ. துண்டுகளைச் சேர்த்து முழு வரிசையாக்குவது. அது கிராஃப் கோட்பாடு. துண்டுகளை மரபணுத்தொகுதியில் தேடுவதற்கு 1994-இல் தரவுச் சுருக்கத்துக்காக வந்த பர்ரோஸ்–வீலர் உருமாற்றம். இவை எல்லாம் அழகானவை. உயிரியல் மாணவர்களுக்கு இந்தப் பாடம் பெரும் உதவி. ஆனால் அவர்கள் திணறும் இடத்தில் நீங்கள் ஓடுவீர்கள். பருவ முடிவில் உயர்ந்த மதிப்பெண்ணோடு, உயிரியலைப் பொறுத்தவரை நீங்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள். அந்தப் பாடத்தின் உள்ளடக்கத்தை ஒரு கோடை விடுமுறையில் நீங்களாகவே படித்துவிடலாம்.

நான் சொல்லும் இரண்டு: மூலக்கூறு மற்றும் செல் உயிரியல், கடல் சூழலியல்.

முதலாவது எதற்கு என்றால், மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. மரபணு எப்படிப் புரதமாகிறது, செல் தன்னைச் சுற்றி நடப்பதை எப்படி அறிகிறது, ஓர் உயிர் இன்னோர் உயிருக்குள் எப்படிக் குடியிருக்கிறது என்பது தெரியாமல் பவளத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது. உங்கள் கடிதத்தில் ஒரு வரி: "வெள்ளையாக இருக்கும் பவளம் இறந்தது, நிறமுள்ளது உயிருள்ளது என்று படங்களுக்குக் குறியிட்டு நிரலைப் பயிற்றுவிக்கலாம் என்று இருக்கிறேன்." இதை உடனே திருத்திக்கொள்ளுங்கள். பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அதற்கு உணவின் பெரும்பகுதியையும் நிறத்தையும் தருபவை அவைதான். கோடையில் நீரின் வெப்பம் ஏறி அப்படியே நீடித்தால் பவளம் அந்தப் பாசிகளை இழக்கிறது. சதை கண்ணாடிபோல் ஆகி உள்ளிருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் அது அப்போதும் உயிரோடுதான் இருக்கிறது! நீர் குளிர்ந்தால் பாசிகள் திரும்பி, பவளம் பிழைக்கலாம். குளிராவிட்டால் இறக்கும். இறந்த பவளமும் வெள்ளையாகவே நீடிப்பதில்லை; அதன்மேல் வேறு பாசிகள் படர்ந்து பழுப்பும் பச்சையுமாக ஆகிவிடும். ஆக, உங்கள் குறியீட்டின்படி பிழைக்கக்கூடியது பிணமாகும், பிணம் உயிராகும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் பெரிய அளவில் பவளங்கள் வெளிறின. அப்போது எடுத்த படங்களை இப்படிக் குறியிட்டால் நிரல் 99 சதவீதம் சரியாக விடை சொல்லும், அந்த விடை தவறாக இருக்கும்.

கடல் சூழலியலை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் அந்த ஒரு வாரக் களப்பயிற்சி. தரவு என்பது நமக்குக் கோப்பாகவே வந்து சேர்கிறது; அது எந்தக் கையில், எந்த வெயிலில், எந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தது என்பது கோப்பில் இருப்பதில்லை. உங்கள் ஊர்க் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்ற ஏற்பாடு இருக்கிறது. இது எதுவும் தெரியாத ஒருவர் மீன் வரத்துத் தரவை நிரலில் கொடுத்தால், "ஏப்ரலில் மீன்கள் மறைகின்றன; மீன்களுக்கு ஏழு நாள் சுழற்சி இருக்கிறது" என்று நிரல் கண்டுபிடித்துக் கொடுக்கும். அவர் அதைக் கட்டுரையாகவும் எழுதிவிடுவார். உங்கள் அப்பா அதைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தவறைச் சொல்லிவிடுவார்.

வடகடலுக்கும் (பாக் நீரிணை) தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) உள்ள வேறுபாடும் அப்படியே. வாடை வீசும் மாதங்களில் ஒன்று கொந்தளிக்கும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் மற்றொன்று. படகு போகாத நாளில் பதிவு இருக்காது. பதிவு இல்லாததால் மீன் இல்லை என்று ஆகிவிடாது. இந்தச் சந்தேகம் உங்களுக்கு வீட்டிலிருந்தே வருகிறது. என் மாணவர்களுக்கு அதை ஊட்ட எனக்கு ஒரு பருவம் போதாது.

எனக்கும் அந்தச் சந்தேகம் ஒரு காலத்தில் இருக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நோய் ஆய்வில் ரத்தத்தின் மரபணுத் தரவைக் கையாண்டேன். நோயாளிகளையும் நலமானவர்களையும் என் நிரல் ஏறக்குறைய பிழையின்றிப் பிரித்தது. எட்டு மாத உழைப்பு பலித்தது என்று நம்பினோம். பிறகுதான் ஆய்வகத்தில் வேலை செய்த பெண் ஒருவர், நோயாளிகளின் ரத்தம் முழுவதையும் ஒரு வாரமும், மற்றவர்களுடையதை அடுத்த வாரமும், வேறு தொகுப்பு வேதிப்பொருளைக் கொண்டு சோதித்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னார். என் நிரல் கற்றது அந்த இரண்டு வாரங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை. ஆய்வு மேசைப் பக்கம் ஒரு நாளாவது நின்றிருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன். அதனால்தான் கை நனையும் பாடம் ஒன்றாவது வேண்டும் என்று ஒவ்வொரு கணினி மாணவரிடமும் மன்றாடுகிறேன்.

மூலக்கூறு உயிரியல் பாடத்தில் ஆய்வக வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அங்கே ஒரு கண்ணாடித் தட்டில் பாக்டீரியா வளர்ப்பீர்கள். தட்டில் உறைந்திருக்கும் கூழ் அகர். உங்கள் அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் கிடைப்பது அகர்தான். 1880-களிலிருந்து உலகின் நுண்ணுயிரி ஆய்வகங்கள் அதை நம்பி இருக்கின்றன. டி.என்.ஏ. துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் அகரோசும் அகரிலிருந்து வருவதே.

மற்ற இரண்டு பாடங்கள் பற்றி. மரபியலும் பரிணாமமும் அருமையான பாடம். மதிப்பெண் இல்லாமல் வகுப்பில் அமர்ந்து கேட்க உங்கள் நிறுவன விதி இடம் தருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதைப் பயன்படுத்துங்கள். உயிர்ப்புள்ளியியலை என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடமாக எடுக்கலாம். கேட்பது இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். ஸ்வயம் என்ற அரசின் இணையக் கல்வித் தளம் வழிப் படிப்புகளின் கிரெடிட்டை 40 சதவீதம் வரை ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை சொல்கிறது. உங்கள் நிறுவனம் எவ்வளவு ஏற்கிறது என்பதைக் கல்விப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழி உறுதி பருவ முடிவில் உதவாது.

"நிரல் இருக்கும்போது உயிரியல் எதற்கு?"

உங்கள் வகுப்புத் தோழர் கேட்டதாக எழுதியிருக்கும் இந்தக் கேள்வி இன்று பலருக்கும் இருக்கிறது. புரத வடிவத்தை ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்துவிட்டதே, இனி உயிரியல் படிப்பானேன் என்கிறார் அவர். அந்த நிரல் எதைத் தின்று வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில், ஆய்வகங்கள் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து சேர்த்த சுமார் 1,70,000 வடிவங்கள் அதற்குப் பயிற்சிப் பொருளாக இருந்தன. அது மட்டும் போதவில்லை. ஒரே புரதம் பல உயிரினங்களில் எப்படி மாறியிருக்கிறது, எந்த இரண்டு இடங்கள் சேர்ந்தே மாறுகின்றன என்ற பரிணாமத் தடயத்தையும் நிரலுக்குக் கொடுத்தார்கள். சேர்ந்து மாறும் இடங்கள் மடிந்த வடிவத்தில் அருகருகே இருக்கக்கூடும் என்பது உயிரியல் தெரிந்தவருக்குத் தோன்றும் யோசனை.

மீன்களின் படத் தொகுப்பு ஒன்றைத் துணைத் திட்டமாகச் செய்யும் எண்ணமும் உங்களுக்கு இருக்கிறது. தரவுத்தளத்தில் "பால்" (ஆணா, பெண்ணா) என்ற நெடுவரிசையை மாறாத மதிப்பாக வைத்திருக்கிறீர்கள். களவா முதலில் பெண்ணாக முதிர்ந்து பின்னால் ஆணாகும். கொடுவா முதலில் ஆணாக இருந்து பின்னால் பெண்ணாகும். கிளிமீனில் பால் மாறும்போது நிறமே மாறிவிடும். ஒரே இனத்தை உங்கள் நிரல் இரண்டு இனமாக எண்ணும். உங்கள் அட்டவணையின் அமைப்பையே உயிரியல் மாற்றும் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

மதிப்பெண், வேலை, கடன்

பயத்தைக் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். உங்கள் படிப்புக்கு மொத்தம் 70 கிரெடிட், ஒரு விருப்பப் பாடத்துக்கு 3 கிரெடிட் என்று எழுதியிருக்கிறீர்கள். எளிய பாடத்தில் 9 புள்ளி கிடைத்திருக்கும், கடினமான பாடத்தில் 7 தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 6 புள்ளி. 70-ஆல் வகுத்தால் மொத்தத் தரப்புள்ளிச் சராசரியான சி.ஜி.பி.ஏ.யில் 0.09-க்கும் குறைவு. இரண்டு பாடத்திலும் அப்படி ஆனாலும் 0.18-ஐத் தொடாது. உங்கள் இப்போதைய 8.4-க்கு இது ஆபத்தில்லை. உண்மையான ஆபத்து தோல்வி அடைவதுதான். அதனால் பாடத்திலிருந்து விலகக் கடைசித் தேதி எது என்பதை முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். முதல் இடைத்தேர்வு அதற்கு முன்பே வருகிறதா என்றும் பாருங்கள்.

நேர்முகத் தேர்வில் கேட்பார்கள் என்பது உண்மை. கேட்டால் அந்தப் பவளக் குறியீட்டுக் கதையைச் சொல்லுங்கள். தன் தரவு எங்கே பொய் சொல்லும் என்று விளக்கத் தெரிந்தவரை எந்த நல்ல நிறுவனமும் குறைவாக மதிப்பிடாது.

ஆனால் பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். உயிரியலோடு கணினி சேர்ந்த வேலைகள் பொதுவான மென்பொருள் வேலைகளை விட எண்ணிக்கையில் குறைவு. ஆய்வுப் பாதையில் முதல் சில ஆண்டுகளின் வருமானமும் குறைவு. தேசிய அளவிலான இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. கல்விக்கடனுக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது, ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டிருக்கும். முனைவர் படிப்பில் சேர்ந்தால் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று உங்கள் வங்கிக் கிளையில் இப்போதே கேளுங்கள். தம்பியின் படிப்பையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், இரண்டு ஆண்டு வேலைக்குப் போய்விட்டு ஆய்வுக்குத் திரும்புவதே நல்லது என்று முடிவு வரலாம். அப்படி வந்தால் அதில் எந்தத் தோல்வியும் இல்லை. கேட் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். இந்த இரண்டு பாடங்களை எடுப்பதால் நீங்கள் எந்தப் பாதையிலும் பூட்டப்படப் போவதில்லை. வேலைவாய்ப்பு முகாமில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

பவளத் துண்டுகளைத் தொட வேண்டாம்

தீவோரம் கிடக்கும் பவளத் துண்டுகளை அம்மாவிடம் சொல்லி எடுத்துவைக்கலாமா என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவற்றுக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உயர்ந்த பாதுகாப்பு தருகிறது. இறந்த துண்டுதானே என்பது வாதமாகாது. ஆய்வுக்காகத்தான் என்பதும் அனுமதி இல்லாதபோது வாதமாகாது. பாசி எடுக்கும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இடையே ஏற்கெனவே பல காலமாக உரசல் இருப்பது என்னை விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உங்கள் படிப்புக்காக அம்மாவின் பையில் ஒரு துண்டு இருந்து, அவர் பிடிபட்டார் என்று ஆகிவிடக் கூடாது. மாதிரி வேண்டுமென்றால், அனுமதி வைத்திருக்கும் ஆய்வு நிறுவனத்தின் வழியாக மட்டும் செல்லுங்கள்.

அப்படிப்பட்ட நிறுவனங்கள் உங்கள் வீட்டருகிலேயே இருக்கின்றன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமே 1949 முதல் 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது. கொச்சிக்கு மாறிய பின்பும் அதன் மண்டபம் மையம் இயங்குகிறது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்தில் பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில், உயிரித் தகவலியல் துறை காரைக்குடியில். கோடை விடுமுறைக்கு ஆறு வாரத் திட்டப்பணி கேட்டு இவற்றில் இரண்டுக்காவது கடிதம் எழுதுங்கள். உங்களுக்கு நிரல் எழுதத் தெரியும், அந்தக் கடலும் தெரியும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று, மீனவர்களிடமிருந்து படமோ இடக்குறியோ வாங்கினால் எதற்கு என்று சொல்லிச் சம்மதம் பெறுங்கள். மீன் கிடைக்கும் இடம் அவர்களுடைய சொத்து. அந்த இடத்தின் துல்லியமான குறியை எந்தத் தரவுத் தொகுப்பிலும் வெளியிடாதீர்கள்.

அப்பாவின் கேள்வி

"கடலைப் படிக்கவா உன்னைக் கரையேற்றினேன்?" இதைக் கேட்டு நீங்கள் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியில் கோபத்தை விட பயம்தான் எனக்குக் கேட்கிறது. காற்று, எல்லை, சிறைப்பிடிப்பு, திரும்பி வராத படகு என்று அவர் பார்த்த கடல் அது. தன் மகள் அந்தப் பக்கம் திரும்புவது அவருக்கு ஒரு பருவத்துக்கான பாடத் தேர்வாகத் தெரியவில்லை. அவரிடம் மரபணுவையும் நோபல் பரிசையும் சொல்லி வெல்ல முயல வேண்டாம்.

கடன் கணக்கை எழுதிய தாளை முதலில் அவர் முன் வையுங்கள். வேலைக்கான முகாமில் பெயர் கொடுத்திருப்பதையும் சொல்லுங்கள். அடுத்து, ஆய்வுக்கு வேண்டியதை அவரிடமே கேளுங்கள்: தென்கடலில் நீர் வழக்கத்தை விட சூடானதை எந்த ஆண்டுகளில் உணர்ந்தார், அப்போது எந்த மீன் ஒதுங்கிப்போனது. அம்மாவிடம் மரிக்கொழுந்து எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) குறைந்தது, அந்த இடத்தில் இப்போது எது படர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவருகே பவளத்தின்மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் அம்மா போன்றவர்கள் பார்த்ததை யாரும் முழுமையாக எழுதிவைக்கவில்லை. அவர்கள் சொல்வதை ஆண்டு, மாதம், இடம் போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா உடனே சம்மதிப்பார் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் தான் அறிந்ததை மகள் எழுதிக்கொள்வதைப் பார்க்கும் அப்பா, அவள் படகேறப் போவதாக நினைக்க மாட்டார்.

இந்தப் பத்து நாட்களில்

தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு உயிரி-விலங்கியல் பாடநூலின் தமிழ்ப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் மூலக்கூறு மரபியல், பரிணாமம் ஆகிய இரண்டு பாடங்களை மட்டும் படியுங்கள். தமிழில் ஒரு முறை புரிந்துவிட்டால் ஆங்கிலக் கலைச்சொற்கள் வெறும் பெயர்களாகிவிடும். தமிழ் வழியில் வந்த என் மாணவர்கள் பலருக்கும் இது பலித்திருக்கிறது.

பிறகு மூலக்கூறு உயிரியல் நடத்தும் பேராசிரியரின் அறைக்கு நேரில் போங்கள். "பிளஸ் டூவில் உயிரியல் இல்லை, இந்த இரண்டு பாடங்களைப் படித்துவிட்டு வந்திருக்கிறேன், வகுப்பைத் தொடர இன்னும் என்ன படிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். முன்தகுதி விதியைத் தளர்த்தும் அதிகாரம் பெரும்பாலும் பாடம் நடத்துபவரிடம்தான் இருக்கும். அவர் மறுத்தால் மரபியலும் பரிணாமமும் பாடத்தை அந்த இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கடல் சூழலியலை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். களப்பயிற்சி எந்த மாதம், எந்தக் கடலில் என்று கேட்டுவையுங்கள். வாடைக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் வைத்திருந்தால், அப்போது கடல் எப்படி இருக்கும் என்பதை அவர்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.